எதால் வகுத்தீர்கள்?

வாராந்திரக் கூட்டத்தில் யாராவது ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டதும் எங்கள் பேராசிரியர் கேட்கும் முதல் கேள்வி, “எதால் வகுத்தீர்கள்?” என்பதுதான். வித்தியாசம் பெரிதா சிறிதா, அது தற்செயலாக வந்ததில்லை என்று காட்டும் நட்சத்திரக் குறி எத்தனை என்பதெல்லாம் அப்புறம். நாங்கள் அளக்கும் கோஎன்சைம் க்யூ என்ற மூலக்கூறு இவ்வளவு இருந்தது என்று ஓர் எண் சொன்னால், எதில் இவ்வளவு? ஒரு லிட்டர் பிளாஸ்மாவிலா (ரத்தத்தின் செல்களை நீக்கிய திரவம்), ஒரு மில்லிகிராம் புரதத்திலா, ஒரு கிராம் தசையிலா? இதற்குப் பதில் தயாராக இல்லாதவர் அன்றைக்கு இரண்டாவது படத்துக்கே போக முடியாது. புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் இதை ஏதோ குடைச்சல் என்று நினைப்பார்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். இப்போது அந்தக் கேள்வியை நானே மற்றவர்களிடம் கேட்டுத் தொல்லை கொடுக்கிறேன்.

எங்கள் குழு ஒரு பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் இருக்கிறது. கதவில் ஒட்டியிருக்கும் பெயரில் கோஎன்சைம் க்யூவும் இருக்கும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நலமும் இருக்கும். நலத்தை அளக்க ஒரு கருவியும் கிடையாது என்பது உள்ளே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். செல் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று அளக்கலாம். உள்சவ்வின் மின்னழுத்தத்தைச் சாயம் போட்டுப் பார்க்கலாம். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணலாம். இவற்றில் எதைக் கூட்டினாலும் நலம் என்று ஒரு விடை வராது. நிதி கேட்டு எழுதும்போது அந்தச் சொல் உதவுகிறது, அவ்வளவுதான்.

ஒருவர் ஈஸ்ட் வளர்க்கிறார். இருவர் நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த செல்களை வளர்க்கிறார்கள். ஒருவர் புழுக்களோடு குடும்பம் நடத்துகிறார். நான் வேதியியல் படித்துவிட்டு வந்தவள். என் இடம் மூலையில் இருக்கும் ஹெச்பிஎல்சி கருவி, கலவையிலிருந்து ஒவ்வொரு பொருளையும் பிரித்து அளப்பது. எல்லோருடைய மாதிரிகளும் கடைசியில் என்னிடம் வரும். அதில் க்யூ எவ்வளவு என்று சொல்வது என் வேலை.

முதலில் இந்த க்யூ யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தலை, ஒரு நீண்ட வால். தலை ஒரு வளையம். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருவது. வால் ஐசோப்ரீன் துண்டுகளைக் கோத்துச் செய்தது. மனிதனுக்கு 10 துண்டு, அதனால் க்யூ10. எலிகளில் பெரும்பாலும் க்யூ9. ரொட்டி ஈஸ்ட்டில் க்யூ6. குடல் பாக்டீரியாவான ஈ.கோலையில் க்யூ8. க்யூ10 மூலக்கூறின் எடை 863. அதன் வால் அவ்வளவு நீளமாகவும் எண்ணெய்ப்பசையாகவும் இருப்பதால் அது தண்ணீர் பக்கம் தலைகாட்டாது. பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்குள்ளேயே கிடக்கும்.

அங்கே அதன் வேலை எலெக்ட்ரான்களைச் சுமப்பது. உணவை எரித்து வரும் எலெக்ட்ரான்களைக் காம்ப்ளெக்ஸ் 1, காம்ப்ளெக்ஸ் 2 என்ற இரண்டு புரதக் கூட்டங்கள் க்யூவிடம் ஒப்படைக்கும். க்யூ அவற்றை ஏற்றிக்கொண்டு போய்க் காம்ப்ளெக்ஸ் 3 இடம் இறக்கும். இரண்டு துறைகளில் ஆள் ஏற்றி ஒரே கரையில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிற ஓடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகப் படம் இதோடு முடிந்துவிடும். உண்மையில் ஏறும் துறைகள் இரண்டோடு நிற்பதில்லை. கொழுப்பை உடைக்கும் பாதையிலிருந்து எலெக்ட்ரான்கள் வருகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கழிக்கும் நொதியும் க்யூவிடம்தான் கொடுக்கிறது. டிஎன்ஏ செய்யத் தேவையான பிரிமிடின்களைத் தயாரிக்கும் பாதையில் ஒரு படியும் க்யூ இல்லாமல் நகராது. அதனால் க்யூ குறைந்தால் ஆற்றல் குறையும் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. எந்தத் திசுவில் எந்தத் துறை முதலில் தேங்குகிறது என்பது இன்னும் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் விஷயம்.

1957 இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் கிரேன் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து இதை மஞ்சள் நிறப் படிகமாகப் பிரித்தெடுத்தார். மெர்க் நிறுவனத்தில் கார்ல் ஃபோக்கர்ஸ் குழு அடுத்த ஆண்டே அதன் அமைப்பைச் சொல்லிவிட்டது. லிவர்பூலில் மார்ட்டன் என்பவரின் குழுவும் அதே காலத்தில் இதே பொருளில் கைவைத்திருந்தது. காம்ப்ளெக்ஸ் 3 இல் க்யூ எப்படி இரண்டு சுற்றாக எலெக்ட்ரான்களை இறக்கிப் புரோட்டான்களைச் சவ்வுக்கு அப்பால் தள்ளுகிறது என்று 1975 இல் விளக்கியவர் பீட்டர் மிட்செல். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு பழைய மாளிகையைப் புதுப்பித்து அதையே ஆய்வகமாக்கிக்கொண்டு வேலை செய்தவர். வேதி ஆற்றலையும் சவ்வையும் இணைத்த அவருடைய கொள்கைக்கு 1978 இல் நோபல் பரிசு கிடைத்தது. என் மேசைக்கு மேலே க்யூ சுழற்சி என்ற அந்த இரண்டு சுற்றின் படம் ஒட்டியிருக்கிறது. அதை மனதிலிருந்து ஒழுங்காக வரையச் சொன்னால் எங்கள் குழுவில் பாதிப் பேர் திணறுவார்கள்.

சரி, அளப்பதற்கு வருவோம்.

க்யூவுக்கு இரண்டு உருவங்கள். எலெக்ட்ரான் இல்லாமல் இருக்கும்போது யூபிக்வினோன், மஞ்சள். எலெக்ட்ரான்களை ஏற்றிக்கொண்டபின் யூபிக்வினால், நிறமில்லை. நம் பிளாஸ்மாவில் ஓடுவதில் 90 சதவீதத்துக்கு மேல் யூபிக்வினால்தான். ஆனால் ரத்தத்தைக் குழாயில் எடுத்த நொடியிலிருந்து காற்று அதைத் தின்ன ஆரம்பித்துவிடும். சாவகாசமாக வேலை செய்தால் நாம் அளப்பது நோயாளியின் உடலில் இருந்த விகிதத்தை அல்ல, நம் சோம்பலை. அதனால் ரத்தம் எடுத்ததும் பனிக்கட்டியில் வைக்கவேண்டும், குளிரிலேயே பிளாஸ்மாவைப் பிரிக்கவேண்டும், உடனே மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்குள் போகவேண்டும். இரண்டு உருவங்களின் விகிதம் வேண்டாம், மொத்த க்யூ போதும் என்றால் வாழ்க்கை கொஞ்சம் சுலபம். எல்லாவற்றையும் வேண்டுமென்றே ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு, மஞ்சள் உருவமாக 275 நானோமீட்டரில் பார்த்துவிடலாம்.

மருத்துவமனைகளிலிருந்து வரும் மாதிரிகளோடு ஒரு தாளும் வரும். எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு உறைந்தது என்று அதில் எழுதியிருக்கவேண்டும். சில தாள்களில் இரண்டு நேரமும் ஒன்றாகவே இருக்கும். பறந்து போய் உறையவைத்தார்கள் போலிருக்கிறது! அப்படிப்பட்ட மாதிரிகளில் மொத்த க்யூவை மட்டும் சொல்லிவிட்டு, விகிதம் சொல்ல இயலாது என்று எழுதிவிடுவேன். இதற்காக மருத்துவர்கள் என்மேல் கோபித்துக்கொண்டதும் உண்டு.

இன்னொரு பொறி இருக்கிறது. பிரித்தெடுக்கும்போது க்யூ கொஞ்சம் வழியிலேயே தொலைந்துபோகும். எவ்வளவு தொலைந்தது என்று தெரிய, ஆரம்பத்திலேயே அளவு தெரிந்த ஒரு உறவுக்காரப் பொருளை மாதிரியோடு கலந்துவிடுவோம். மனித மாதிரிக்கு க்யூ9 வசதியானது. கருவியில் க்யூ10 க்குக் கொஞ்சம் முன்னால் தனியாக ஒரு சிகரமாக வெளியே வரும். அதே பழக்கத்தில் எலியின் தசைக்கும் க்யூ9 ஐக் கலந்தால் கதை கந்தல், ஏனென்றால் எலியின் சொந்தச் சரக்கே க்யூ9. எங்கள் உறைபெட்டியில் மனித மாதிரிப் பெட்டிகளுக்கு நீல மூடியும் எலி மாதிரிகளுக்குச் சிவப்பு மூடியும் இருப்பது அழகுக்காக இல்லை.

இப்போது பேராசிரியரின் கேள்வி. பிளாஸ்மாவில் க்யூ10 சாதாரணமாக ஒரு லிட்டருக்கு அரை முதல் ஒன்றரை மைக்ரோமோல் வாக்கில் இருக்கும். ஒருவருக்கு இது குறைவாக வந்தால் குறைபாடு என்று எழுதிவிடலாமா? க்யூ ரத்தத்தில் தனியாக நீந்துவதில்லை. எல்டிஎல் போன்ற கொழுப்புத் துகள்களில் தொற்றிக்கொண்டு போகிறது. கொலஸ்ட்ரால் குறைந்தவருக்குச் சுமக்கும் வண்டிகளே குறைவு, அதனால் க்யூவும் குறைவாகத் தெரியும். ஆகவே பிளாஸ்மா எண்ணைக் கொலஸ்ட்ராலால் வகுக்கவேண்டும். வகுத்தபின்னும் அது கல்லீரல் வெளியே அனுப்பியதையும் சாப்பாட்டில் வந்ததையும்தான் காட்டும். தசையின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

என் சித்தப்பாவோடு நடந்த தொலைபேசிப் பேச்சு இந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டது. அவர் கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுகிறார்.

“ஏம்மா, இந்த மாத்திரை உடம்புல இருக்கற க்யூவையெல்லாம் காலி பண்ணிடுமாமே? நீ அதுலதானே ஆராய்ச்சி பண்றே?”

“குறைக்கும் சித்தப்பா. கொலஸ்ட்ராலும் க்யூவோட வாலும் ஒரே பாதையிலதான் தயாராகுது. ஸ்டாட்டின் அந்தப் பாதையோட ஆரம்பத்துலயே கைவைக்குது.”

“அப்ப நான் க்யூ மாத்திரை வாங்கிச் சாப்பிடணும்.”

“அவசரப்படாதீங்க. ரத்தத்துல குறையறது பெரும்பாலும் சுமக்கற கொழுப்பு குறையறதாலதான். கால் வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்லை. ஒரு பயம்தான்.”

பயத்துக்கு மருந்து என்னிடம் இல்லை. ஸ்டாட்டினால் தசைவலி வருபவர்களுக்கு க்யூ10 கொடுத்துப் பார்த்த சோதனைகளின் முடிவுகள் ஒரு பக்கமாக இல்லை. சிலவற்றில் பலன், பலவற்றில் இல்லை. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2018 இல் வெளியிட்ட கொலஸ்ட்ரால் வழிகாட்டுதலில் ஸ்டாட்டின் சாப்பிடுபவர்களுக்கு க்யூ10 ஐ வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். இதைச் சொன்னேன். ஸ்டாட்டினைத் தானாக நிறுத்திவிடக்கூடாது, வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்றும் இரண்டு தடவை சொன்னேன். “நீ ஒண்ணும் நேராச் சொல்ல மாட்டே” என்று வைத்துவிட்டார். அவர் எதிர்பார்த்தது ஒரு பிராண்டின் பெயர்.

ரத்தம் போதாது என்றால் தசை. தொடையிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுப்பார்கள். குறைபாட்டைக் கண்டுபிடிக்க இதுதான் நம்பகமான வழி, நோயாளிக்குக் கஷ்டமான வழியும்கூட. அந்தத் துண்டைக் கையில் வாங்கும்போது கொஞ்சம் பயமாகவே இருக்கும், திரும்ப எடுத்துக் கொடுங்கள் என்று கேட்க முடியாது. தசையிலும் வகுத்தல் உண்டு. படுக்கையிலேயே கிடக்கும் ஒரு குழந்தையின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவே குறைவாக இருக்கலாம். அப்போது க்யூ குறைவது க்யூவின் குற்றம் இல்லை. அதனால் சிட்ரேட் சிந்தேஸ் என்ற நொதியையும் சேர்த்து அளப்போம். மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அது ஒரு குத்துமதிப்பான சாட்சி. க்யூவை அதால் வகுத்தபின்னும் குறைவாகவே நின்றால்தான் நிமிர்ந்து உட்காருவோம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை க்யூவை நேரடியாக அளக்காத ஒன்று. தசைச் சாற்றில் காம்ப்ளெக்ஸ் 2 ஐத் தனியாகச் சோதிப்போம். நன்றாக வேலை செய்யும். காம்ப்ளெக்ஸ் 3 ஐத் தனியாகச் சோதிப்போம். அதுவும் நன்றாகவே இருக்கும். அப்புறம் இரண்டையும் சேர்த்து ஓடவிடுவோம். காம்ப்ளெக்ஸ் 2 இன் தீனியான சக்சினேட்டை ஊற்றிவிட்டு, மறுமுனையில் காம்ப்ளெக்ஸ் 3 இடமிருந்து சைட்டோக்ரோம் சி என்ற புரதம் எலெக்ட்ரான் வாங்குகிறதா என்று 550 நானோமீட்டரில் பார்த்துக்கொண்டிருப்போம். திரையில் கோடு ஏறவேண்டும். க்யூ குறைந்த தசையில் அது தவழும். இரண்டு பேரும் சரியாக இருக்கிறார்கள், இடையில் கொண்டுபோகிறவரைக் காணோம் என்று அர்த்தம். அந்தக் குப்பியிலேயே, குட்டை வால் கொண்ட ஒரு செயற்கை க்யூவைச் சேர்ப்போம். கோடு நிமிர்ந்து ஏறும். இதைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் உற்சாகம் வருகிறது. எண்ணுக்கு எண்ணால் சாட்சி சொல்வதைவிட, இல்லாததைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது எவ்வளவு நேரடியான விசாரணை! லேசான குறைபாட்டில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும் என்பதால் ஹெச்பிஎல்சிக்கும் எனக்கும் வேலை போகவில்லை.

ஈஸ்ட் வளர்ப்பவரின் மேசை ஆய்வகத்திலேயே சந்தோஷமான மேசை. ஈஸ்ட்டுக்கு சர்க்கரை கொடுத்தால் க்யூ இல்லாமலும் நொதிக்கவைத்துப் பிழைத்துக்கொள்ளும். கிளிசரால் மட்டும் கொடுத்தால் சுவாசித்தே ஆகவேண்டும், சுவாசிக்க க்யூ வேண்டும். க்யூ செய்யும் மரபணுவை நீக்கிய ஈஸ்ட் குளுக்கோஸ் தட்டில் வளரும், கிளிசரால் தட்டில் வளராது. இதைவிட எளிமையான சோதனையை நான் பார்த்ததில்லை. க்யூவைத் தயாரிக்கும் மனித மரபணுக்களில் பல, ஈஸ்ட்டின் மரபணு இருந்த இடத்தில் போய் உட்கார்ந்து வேலை செய்யக்கூடியவை. ஒரு குழந்தையின் மரபணு அறிக்கையில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு எழுத்து மாற்றம் வருகிறது, அது நோயா வெறும் வேறுபாடா என்று மருத்துவருக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த மாற்றத்தோடு மரபணுவைச் செய்து ஈஸ்ட்டுக்குள் வைத்து, கிளிசரால் தட்டில் புள்ளி வைத்துவிட்டுக் காத்திருப்போம். வளர்ந்தால் ஒரு பதில், வளராவிட்டால் ஒரு பதில். பாதி வளர்ந்தால்தான் தலைவலி.

இந்தக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் க்யூவைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை. க்யூவைத் தானே தயாரிக்க முடியாத பிறவிக் குறைபாடு மிக அரிது. 1989 இல் இரண்டு சகோதரிகளிடம் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. தசை பலவீனமும் வலிப்பும் இருந்தன. காரணமான மரபணுப் பிழை ஒன்று முதன்முதலாக 2006 இல்தான் பிடிபட்டது. இப்போது இப்படிப் பத்து மரபணுக்களாவது தெரியும். வினோதம் என்னவென்றால் ஒரே தொழிற்சாலையின் வெவ்வேறு படிகள் பழுதானால் வெவ்வேறு உறுப்புகள் விழுகின்றன. கோக்யூ2, கோக்யூ6, கோக்யூ8பி ஆகிய மரபணுக்கள் பழுதானால் பெரும்பாலும் சிறுநீரகம். சிறுநீரில் புரதம் ஒழுகும், வழக்கமான ஸ்டீராய்டுக்கு அடங்காது. கோக்யூ8ஏ பழுதானால் சிறுமூளை, நடை தள்ளாடும். எல்லாம் ஒரே மூலக்கூறின் குறைவுதானே, ஏன் இப்படி? திருப்தியான விடை யாரிடமும் இல்லை.

சிறுநீரக வகையில் சீக்கிரமே கண்டுபிடித்து அதிக அளவில் க்யூ10 கொடுத்தால் சில குழந்தைகளுக்குப் புரத ஒழுக்கு நன்றாகக் குறைகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 50 மில்லிகிராம் வரை கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டுக்கு அடங்காத சிறுநீரக நோய் உள்ள குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்யவேண்டும் என்று நாங்கள் நச்சரிப்பது இதனால்தான். மூளையில் ஏற்கெனவே வந்த சேதம் மட்டும் பெரும்பாலும் திரும்புவதில்லை. அந்த நீண்ட வால்தான் இங்கே வில்லன். குடலில் சரியாக உறிஞ்சப்படாது, கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் கொஞ்சமாவது ஏறும். ஏறினாலும் ரத்தத்தில் உயரும் அளவுக்குத் தசையிலோ மூளையிலோ உயராது.

விளம்பரங்கள் சொல்லாமல் விடுவதும் இதைத்தான். விளம்பரத்தில் காட்டும் வரைபடத்தில் எப்போதும் பிளாஸ்மா எண்தான் ஏறும். எதால் வகுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. பார்க்கின்சன் நோய்க்கு 600 பேரிடம், நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம், 2400 மில்லிகிராம் என்று இரண்டு அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியாததால் இடையிலேயே நிறுத்தினார்கள். முடிவுகள் 2014 இல் வெளிவந்தன. மூளை செல்கள் சிதையும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோய்க்கு 609 பேரை வைத்து 2400 மில்லிகிராம் அளவில் நடத்திய சோதனைக்கும் அதே கதி. இதயம் செயலிழந்துவரும் 420 நோயாளிகளில் ஒரு பாதிக்கு க்யூ10 நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வீதமும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் இரண்டு ஆண்டுகள் கொடுத்த க்யூ-சிம்பியோ சோதனையில், பெரிய இதயச் சம்பவங்கள் வெற்று மாத்திரைக்காரர்களில் 26 சதவீதம், க்யூ சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். இது உண்மையிலேயே நல்ல சேதி. ஆனால் 420 பேர் என்பது இதய மருத்துவத்தில் சிறிய எண்ணிக்கை. இன்னும் பெரிய சோதனை ஒன்று வந்து இதையே சொன்னால் முதலில் சந்தோஷப்படுபவள் நான்தான்.

நிறைய க்யூ, நீண்ட ஆயுள் என்ற கணக்கை உடைப்பதற்கு எங்கள் புழு நிபுணர் எப்போதும் தயார். சி.எலிகன்ஸ் என்ற சின்னப் புழுவில் சிஎல்கே-1 என்ற மரபணுவைக் கெடுத்தால் அது க்யூ9 ஐச் செய்ய முடியாது. வளர்ச்சி மந்தம், நீச்சல் மந்தம், எல்லாமே மந்தம். ஆனால் சாதாரணப் புழுவைவிட அதிக நாள் உயிர் வாழ்கிறது. தான் தின்னும் பாக்டீரியாவின் க்யூ8 ஐக் கடன் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறது. க்யூவே இல்லாத பாக்டீரியாவைக் கொடுத்தால் வளர்ச்சி நின்றுவிடும். இதைவிட ஆச்சரியம், 2002 இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலிருந்து வந்த ஆய்வு. பழுதில்லாத சாதாரணப் புழுக்களுக்கு வளர்ந்த பருவத்தில் க்யூ இல்லாத பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். அவையும் கூடுதலாக வாழ்ந்தன. புழுவுக்கு நல்லது நமக்கும் நல்லது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாத்திரை டப்பாவில் இளமை என்று அச்சடிப்பவர்களை மட்டும் இந்தப் புழுக்களிடம் ஒரு முறை அனுப்பிவைக்கலாம்.

வால் உள்ளே போகமாட்டேன் என்றால் தலையை மட்டும் அனுப்பினால் என்ன? இந்தத் துறையில் இப்போது சூடாக இருக்கும் யோசனை இதுதான். வளையத்தின் கச்சாப்பொருளான 4-ஹைட்ராக்சிபென்சோயேட் சின்ன மூலக்கூறு, தண்ணீரில் கரையும். அதைக் கொடுத்தால் செல் தன் சொந்த வாலை ஒட்டிக்கொண்டு தானே க்யூ செய்துகொள்ளும். எந்தப் படி பழுது என்பதைப் பொறுத்து எந்தக் கச்சாப்பொருள் என்பது மாறும். கோக்யூ9 பழுதான எலிகளுக்கு ஸ்பெயினின் கிரானடா பல்கலைக்கழகக் குழு பீட்டா-ரெசார்சிலிக் அமிலம் கொடுத்து நல்ல பலன் காட்டியது. 2025 இல் நியூயார்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கட்டுரையை எங்கள் கூட்டத்தில் வரிவரியாகப் படித்தோம். ஹெச்பிடிஎல் என்ற மரபணு பழுதானால் வளையத்தைச் செய்யும் பாதை ஓரிடத்தில் அடைபடுகிறது. நடை வேகமாகக் குன்றிக்கொண்டிருந்த ஒரு சிறுவனுக்கு இந்த 4-ஹைட்ராக்சிபென்சோயேட்டைக் கொடுத்ததும் அவன் மறுபடி நன்றாக நடக்க ஆரம்பித்தான். ஒரே ஒரு நோயாளி என்று பேராசிரியர் ஞாபகப்படுத்தினார். வகுக்கவும் முடியாது, வகுக்க இரண்டாவது ஆள் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சிரிப்பை எல்லோரும் பார்த்தோம்.

க்யூ மைட்டோகாண்ட்ரியாவின் சொத்து மட்டும் இல்லை என்பதும் எங்கள் கதவுப் பெயருக்குச் சங்கடம். செல்லின் வெளிச்சவ்விலும் அது இருக்கிறது. 2019 இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் கண்டுபிடித்துச் சொன்னது: எஃப்எஸ்பி1 என்ற புரதம் அங்கே க்யூவுக்கு எலெக்ட்ரான் ஏற்றிவிடுகிறது, அந்த யூபிக்வினால் சவ்வின் கொழுப்பு இரும்பால் துருப்பிடித்துச் செல் சாவதைத் தடுக்கிறது. எங்கள் புது மாணவி இதில்தான் இறங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இறங்கட்டும். ஆனால் ஒரு செல்லை மொத்தமாக அரைத்து நான் கொடுக்கும் எண்ணில், உள்சவ்வின் க்யூ எவ்வளவு, வெளிச்சவ்வின் க்யூ எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சவ்வுகளைத் தனித்தனியே பிரிக்க அவள் முதலில் கற்றுக்கொள்ளவேண்டும். மையவிலக்குக் கருவியோடு அவள் மல்லுக்கட்டுவதை இப்போது தினமும் கேட்கிறேன், அந்த ரோட்டரின் இரைச்சல் என் அறை வரை வருகிறது.

நான் இப்போது முயன்றுகொண்டிருப்பது வேறொரு அளவு. இதுவரை அளந்ததெல்லாம் இருப்பு. ஒரு செல்லில் இருப்பு சரியாகத் தெரிந்தாலும், அது மெதுவாகச் செய்து மெதுவாகச் செலவழிக்கிறதா, வேகமாகச் செய்து வேகமாக இழக்கிறதா என்று இருப்பை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் கனமான கார்பன்-13 பதித்த 4-ஹைட்ராக்சிபென்சோயேட்டைத் தோல் செல்களுக்குக் கொடுத்து, புதிதாகச் செய்த க்யூ மட்டும் எடை கூடித் தெரியும்படி, மூலக்கூறுகளை எடைபோடும் நிறைமாலைமானியில் பார்க்கிறோம். எலித் திசுக்களில் க்யூவின் பாதி புதுப்பிக்கப்பட இரண்டு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகிறது என்று பழைய ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் செல்களையும் பல நாள் காத்திருந்து, நேரம் தவறாமல் எடுக்கவேண்டும், அதில் சில நேரங்கள் நடுராத்திரியில் வரும். நிறைமாலைமானி பக்கத்துத் துறையினுடையது. அவர்களுடைய பதிவேட்டில் எங்களுக்குக் கிடைத்திருப்பது ஞாயிற்றுக்கிழமை காலை. செல் இரட்டிப்பாகும்போது பழைய க்யூவும் இரண்டாகப் பங்கு பிரியும். அந்த வேகத்தை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது என்று கணினிக்காரரும் நானும் இந்த வாரம் முழுக்க வாதாடிக்கொண்டிருக்கிறோம். அவர் செல் எண்ணிக்கையால் வகுக்கலாம் என்கிறார். நான் டிஎன்ஏவால் என்கிறேன். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குள் ஒன்றை முடிவு செய்தாகவேண்டும்.